கமாண்டர் அனுப்பிய வரவேற்புக் கடிதம்: பிரித்த நாளிலிருந்து முதல் மாதம் வரை

கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்பது வேலூர் மாவட்டத்துக்கே தெரிந்த சங்கதி. அங்கேகூட, ராணுவ ஆபீசில் பேனா பிடிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. துப்பாக்கி பிடித்த அப்பாவே, மகள் கையில் இருக்கும் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மகள் குரூப் 4 எழுதித் தட்டச்சராகத் தேர்வானவள். நியமனம் கிடைத்தது என்.சி.சி. பட்டாலியன் அலுவலகத்தில். பணியில் சேர இன்னும் சில நாள் இருக்கும்போதே பட்டாலியன் கமாண்டரான கர்னலிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது, வரவேற்கிறேன் என்று.

அப்படி ஒரு கடிதம் கையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஆர்மியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வைக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு நகல் எடுத்து, பென்சிலும் கையுமாக உட்காருங்கள். நியமன ஆணையில் ஊதிய நிலை இருக்கும், சேர வேண்டிய தேதி இருக்கும். உங்கள் அதிகாரி எப்படி வேலை வாங்குவார் என்பது இருக்காது. அதை அவரே எழுதிக் கொடுத்திருக்கும் காகிதம் இது ஒன்றுதான்.

முதலில், நீங்கள் யாருடைய ஊழியர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்.சி.சி. அலுவலகம் ஒரு கலப்பு வீடு. கமாண்டிங் ஆஃபீசர் (சி.ஓ., அதாவது கமாண்டர்), நிர்வாக அதிகாரி, பயிற்சி தரும் ஜே.சி.ஓ.க்கள் (சுபேதார், நாயப் சுபேதார் நிலையில் இருப்பவர்கள்), ஹவில்தார்கள் எல்லாம் ராணுவத்திலிருந்து வருகிறவர்கள். எழுத்து வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியர்களைத் தருவது மாநில அரசு. ஆகவே உங்கள் சம்பளமும் பணிப்பதிவேடும் தகுதிகாண் பருவமும் தமிழ்நாடு அரசு விதிப்படி நடக்கும். உங்கள் தினசரி வேலை ராணுவ நடைப்படி நடக்கும். இந்த இரட்டைத்தன்மை புரியாதவர்கள்தான் முதல் வாரத்தில் திணறுகிறார்கள். தன்பதிவேடு, பகிர்மானப் பதிவேடு என்று பயிற்சியில் படித்துவிட்டு வருவார்கள். இங்கே வந்தால் டாக், பி.யு. டைரி, பார்ட் டூ ஆர்டர் என்று வேறு பாஷை ஓடும்.

எஸ்.எஸ்.சி. என்ற மத்திய அரசுத் தேர்வாணையம் மூலம் ஸ்டெனோவாகத் தேர்வாகிப் பாதுகாப்புத் துறை அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் மத்திய அரசு ஊழியர்கள். அவர்களுக்கு நடத்தை விதி 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விதி.

இன்னொன்று. பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் அரக்கோணத்தையும் நம் கணக்கில்தான் வைத்திருப்போம். அங்கே இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படையின் விமானத் தளம். ஆர்மியில் கேப்டன் என்றால் இளம் அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்றால் ஆர்மியின் கர்னலுக்குச் சமம். கடிதத்தில் கேப்டன் என்று பார்த்துவிட்டு, யாரோ சின்னப் பையன் என்று அலட்சியமாகப் போய் நிற்காதீர்கள்.

கடிதத்தைப் படிக்கும் முறை

இந்த வகைக் கடிதத்தை ஆபீசில் டி.ஓ. லெட்டர் என்பார்கள். மாநில அரசு அலுவலகங்களில் நேர்முகக் கடிதம். அதிகாரி தன் பெயரில், ‘நான்’ என்று எழுதுவது. மற்ற கடிதங்களில் பதவி பேசும், இதில் ஆள் பேசுகிறார்.

முதலில் தலைப்பகுதி. பெயர், பதவி, பெயருக்குப் பின்னால் வி.எஸ்.எம்., எஸ்.எம். என்று விருதுச் சுருக்கம் ஏதாவது இருந்தால் அது, முகவரி, தொலைபேசி. இவற்றை ஒரு எழுத்து பிசகாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை அவர் பெயரில் நூறு கடிதம் அடிக்கப் போகிறவர் நீங்கள். விருதை விட்டுவிட்டு அடித்த கடிதம் கையெழுத்தாகாமல் திரும்பி வரும். அதைப் பெருமைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அந்த விருதுக்குப் பின்னால் எந்த மலையில் என்ன நடந்ததோ, யார் போனார்களோ, உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

அடுத்து, எது டைப் அடித்தது, எது பேனாவால் எழுதியது என்று பாருங்கள். வழக்கமாக ‘அன்புள்ள’ என்ற விளியும், கடைசியில் உள்ள விடைவரியும், கையெழுத்தும் மையில் இருக்கும். சிலர் அடியில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பார்கள். டைப் அடித்த பகுதியை ஹெட் கிளார்க்கோ நிர்வாக அதிகாரியோ தயாரித்திருக்கலாம், போன வருஷம் வேறொருவருக்குப் போன அதே வாசகமாகவும் இருக்கலாம். மையில் இருக்கும் வரி உங்களை நினைத்து எழுதியது. எதற்கு அதிக மதிப்புக் கொடுப்பது என்று சொல்லத் தேவையில்லை.

கடிதம் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் வரும். அதன் சாரம் தமிழில் எப்படி இருக்கும் என்று காட்ட, நானே ஒன்றை எழுதிப் பார்க்கிறேன்:

*அன்புள்ள செல்வி ——,*

*எங்கள் பட்டாலியனுக்கு உங்களை மனமார வரவேற்கிறேன். என் அலுவலகச் செயலாளராக நீங்கள் சேர இருப்பதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி.*

*2. அலுவலகம் 0900 மணிக்குத் தொடங்கும். அதற்குள் அன்றைய டாக் என் மேசையில் இருப்பதை விரும்புகிறேன்.*

*3. எதையும் என்னிடம் நேரடியாகச் சொல்லலாம். கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்.*

*4. இந்த அலுவலகத்துக்கு மாணவர்களும் ஆசிரியர்களும் முன்னாள் படைவீரர்களும் வருவார்கள். யாரும் காரணமின்றிக் காத்திருக்கக் கூடாது.*

*5. நீங்கள் சேர்ந்த சில வாரங்களில் வருடாந்திரப் பயிற்சி முகாம் தொடங்குகிறது. நிர்வாக அதிகாரி உங்களுக்கு விவரம் தருவார்.*

*உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம்.*

இதில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் பத்தியில் ‘விரும்புகிறேன்’ என்கிறார். பட்டாளத்தில் கமாண்டர் விரும்பினால் அது உத்தரவு. ஒன்பதுக்கு டாக் மேசையில் இருக்க வேண்டும் என்றால் அதைப் பிரித்து, பதிந்து, முத்திரை குத்தி, அவசரமானதை மேலே வைத்து அடுக்க உங்களுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். அப்படியானால் எட்டரைக்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவர் எந்த வண்டியைப் பிடிப்பது என்பதுவரை அந்த ஒரு வரி தீர்மானித்துவிடுகிறது.

ஐந்தாம் பத்தி பார்க்கச் சாதுவாக இருக்கும். முகாம் என்றால் மாணவர் பெயர்ப்பட்டியல், கல்லூரிக்கும் பள்ளிக்கும் கடிதம், பெற்றோர் ஒப்புதல் படிவம், மருத்துவச் சான்று, ரேஷன் கணக்கு, வண்டி ஏற்பாடு என்று காகிதம் மலையாகக் குவியும். சேர்ந்த முதல் நாளே போன முகாமின் ஃபைலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

மூன்றாம், நான்காம் பத்திகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவை கொஞ்சம் ஆழமானவை.

படித்து முடித்ததும் நகலின் ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே மூன்று சொல் எழுதுங்கள்: என்ன வேலை, யாரைக் கேட்க வேண்டும், எப்போதைக்குள். முதல் மாத வேலைத் திட்டம் அதுவே.

பதில் எழுதலாமா?

எழுத வேண்டும். கடிதம் கிடைத்த ஓரிரு நாளில். பணியில் சேரும்வரை நேராக அவருக்கே எழுதலாம். சேர்ந்த பிறகு எந்த விண்ணப்பமும் உரிய வழியாக, அதாவது கண்காணிப்பாளர், நிர்வாக அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும்.

பதிலும் டி.ஓ. நடையில் இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாள் போதும், மெயிலில் வந்த கடிதத்துக்கு மெயில் போதும். நாலு வரிக்கு மேல் போகாதீர்கள்:

*மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. —— தேதி முற்பகலில் பணியில் சேருகிறேன். நியமன ஆணை, அசல் சான்றிதழ்கள், உடற்தகுதிச் சான்று ஆகியவற்றுடன் வருவேன். வேறு ஏதேனும் கொண்டுவர வேண்டுமானால் தெரிவிக்கக் கோருகிறேன். தங்கள் உண்மையுள்ள, ——*

தேசத்துக்குத் தொண்டு செய்யச் சிறு வயது முதல் கனவு கண்டேன் என்பதெல்லாம் வேண்டாம். படிக்கிறவருக்குக் கூச்சமாக இருக்கும். ஹாஸ்டல் கிடைக்குமா, சனிக்கிழமை லீவா என்ற கேள்விகளையும் இதில் நுழைக்காதீர்கள். அவற்றைக் கண்காணிப்பாளரிடம் போனில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

இதைவிட முக்கியம்: கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மாமாவுக்கும் சித்திக்கும் கையில் காட்டுங்கள், பெருமைப்படட்டும். அதிகாரியின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி, முகாம் எப்போது என்ற விவரம் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேருமுன்பே உங்களைப் பற்றி வரும் முதல் புகார் அதுவாக இருந்துவிடக் கூடாது.

சேரும் நாள்

பணியேற்பு அறிக்கையில் தேதியோடு முற்பகலா பிற்பகலா என்று எழுத வேண்டும். முற்பகல் என்றால் அந்த நாள் முழுதும் பணி நாளாகக் கணக்காகும். ஆகவே நேரத்தோடு போங்கள். வாசலில் காவலுக்கு நிற்கும் ஜவானுக்கு உங்கள் பெயர் சொல்லப்பட்டிருக்கலாம், சொல்லப்படாமலும் இருக்கலாம். நியமன ஆணையையும் ஆதார் அட்டையையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டால் முகம் சுளிக்காதீர்கள். சில இடங்களில் அதுதான் வழக்கம்.

உள்ளே ‘ஜெய் ஹிந்த்’ என்பதுதான் காலை வணக்கம், மாலை வணக்கம் எல்லாம். சீருடை இல்லாத நீங்கள் சல்யூட் அடிக்கத் தேவையில்லை, அடிக்கவும் கூடாது. நேராக நின்று ‘ஜெய் ஹிந்த், சார்’ என்றால் போதும். பெண் அதிகாரி என்றால் மேடம். சுபேதார், நாயப் சுபேதார் ஆகியோரை எல்லோரும் ‘சாப்’ என்று அழைப்பார்கள், நீங்களும் அப்படியே அழையுங்கள். நம் வீட்டு வழக்கப்படி வயதில் மூத்த ஹவில்தாரை அண்ணே என்று கூப்பிட்டால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அதிகாரி முன்னால் மட்டும் வேண்டாம்.

அன்றோ மறுநாளோ, ‘சி.ஓ. சாப் இன்டர்வியூ’ என்று யாராவது சொல்வார்கள். பயந்து பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டிய பிள்ளைகள் உண்டு. அது தேர்வு இல்லை. புதிதாக வருகிற எவரையும் கமாண்டர் கூப்பிட்டுப் பேசுவது பட்டாள மரபு, போகும்போதும் அப்படி ஒன்று உண்டு. ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்பார். அதற்கு உண்மையான பதில் போதும். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால், தினமும் தொலைவிலிருந்து வருவதாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். பின்னால் லீவு கேட்கும்போது சொன்னால் அது சாக்காகத் தெரியும். நோட்டும் பேனாவும் கையில் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள், அன்றும் சரி, என்றும் சரி.

இந்தி பற்றி ஒரு வார்த்தை. ராணுவப் பயிற்றுநர்கள் தங்களுக்குள் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தலையாட்டிவிட்டுப் போய்த் தப்பாகச் செய்வதுதான் ஆபத்து. வேலூர் லாங் பஜாரிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வளர்ந்தவர்கள் காதில் உருது விழுந்தே வளர்ந்திருப்பார்கள். அவர்கள் சில மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதல் வாரம்: டாக், பி.யு., டிராஃப்ட்

டாக் என்பது வருகிற தபால். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி எண் போட்ட பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும். மேலே ‘கான்ஃபிடென்ஷியல்’, ‘சீக்ரெட்’ என்று குறித்த உறை வந்தால் பிரிக்காதீர்கள். யார் பிரிக்க வேண்டுமோ அவரிடம் அப்படியே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பி.யு. என்றால் ‘புட் அப்’, ஃபைலை அதிகாரி முன் வைப்பது. எந்த ஃபைலை எந்த நாளில் வைக்க வேண்டும் என்று குறிக்கும் பி.யு. டைரி உங்கள் உயிர். ஒரு கடிதத்துக்குப் பதினைந்தாம் தேதி பதில் வர வேண்டும் என்றால், பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் இன்றே எழுதி வையுங்கள். அன்று காலை அந்த ஃபைலை எடுத்து மேலே வைக்க வேண்டும். மாநில அரசு அலுவலகத்தில் தன்பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கு இது சிரமமாக இருக்காது. மேலிடத்துக்கு மாதாமாதம் போகும் அறிக்கைகளை ‘ரிட்டர்ன்’ என்பார்கள். எந்த ரிட்டர்ன் எந்தத் தேதியில் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் அடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் ‘இன்மை’ என்று அறிக்கை போயாக வேண்டும். போகாவிட்டால் குரூப் தலைமையகத்திலிருந்து போன் வரும், அதுவும் கமாண்டருக்கே வரும்.

எழுத்து நடை: நேரம் நாலு இலக்கம், 0900, 1430 என்று. பத்திக்கு எண் உண்டு. டி.ஓ. கடிதத்தில் பெரும்பாலும் முதல் பத்திக்கு எண் போடாமல் இரண்டிலிருந்து தொடங்குவார்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். கையெழுத்துக்கு வைக்கும்போது வெறும் கடிதத்தை வைக்காமல், அது எதற்குப் பதிலோ அந்தக் கடிதத்தில் கொடி (அடையாளச் சீட்டு) ஒட்டி ஃபைலோடு வையுங்கள். அவர் தேட வேண்டியிருக்கக் கூடாது.

முகவரி விஷயத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. மிச்சமிருந்த பகுதி பிறகு வேலூர் மாவட்டம் ஆகி, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஃபைலில் இருக்கும் பழைய முகவரிப் பட்டியலை நம்பி மேல்விஷாரத்துக்கோ வாணியம்பாடிக்கோ போக வேண்டிய கடிதத்தில் வேலூர் மாவட்டம் என்று அடித்தால் தபால்காரர் எப்படியோ சேர்த்துவிடுவார். ஆனால் கலெக்டருக்குப் போக வேண்டிய கடிதம் தப்பான கலெக்டருக்குப் போனால் பத்து நாள் போச்சு. முதல் வாரத்திலேயே உட்கார்ந்து முகவரிப் பட்டியலைத் திருத்துங்கள். யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம் அதுதான்.

கெட்ட செய்தியை மேலே கொண்டுபோவது

மூன்றாம் பத்திக்கு வருகிறேன். ‘கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்’ என்று எல்லா அதிகாரியும் எழுதுவார்கள். சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏன் என்பதற்கு நம் ஊர்க் கோட்டையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை என்று உத்தரவு வந்தது. தோல் வைத்த தலைப்பாகை. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி, மதக் குறி கூடாது, தாடி கூடாது என்றும் விதி வந்தது. உத்தரவைத் தயாரித்தவர்களுக்கு அது உடை ஒழுங்கு, அவ்வளவுதான். போட்டுக்கொள்ள வேண்டியவர்களுக்கு அது மானப் பிரச்சினை. 1806 மே மாதம் வேலூரில் எதிர்ப்புத் தெரிவித்த சிப்பாய்களைப் பிடித்துச் சவுக்கடி கொடுத்தார்கள். பிறகு முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று எச்சரித்தார். அதையும் தள்ளிவிட்டார்கள். ஜூலை 10 விடியும் முன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டையின் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட ஆங்கிலேயர் பலர் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மக்கான் அருகே இருக்கும் நினைவுத்தூணைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

சிப்பாய்களின் கோபத்துக்கு உடை உத்தரவு மட்டும் காரணம் அல்ல. திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தது உட்பட வேறு கணக்குகளும் உண்டு. ஆபீஸ் ஆள் என்ற கண்ணோடு பார்க்கும்போது எனக்கு உறைப்பது ஒன்றுதான்: கீழே இருந்து இரண்டு முறை செய்தி மேலே போனது, இரண்டு முறையும் மேசையில் செத்தது.

உங்கள் அலுவலகத்தில் இவ்வளவு பெரிதாக எதுவும் நடக்காது. ஆனால் முகாம் தேதி பல்கலைக்கழகத் தேர்வோடு மோதுகிறது என்று ஒரு கல்லூரி ஆசிரியர் போனில் புலம்புவார். சாப்பாடு சரியில்லை என்று முகாமிலிருந்து ஒரு பெற்றோர் மூலம் தெரியவரும். ரிட்டர்னில் போன மாதம் எண் தப்பாகப் போயிருக்கும். இதைச் சொல்லும் முறை இப்படி: என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, யார் சொன்னது, இப்போது என்ன செய்யலாம். நாலு வாக்கியம். யார் தப்பு என்பதை அவர் கேட்டால் மட்டும். போகிற போக்கில் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொல்லாதீர்கள், ஃபைலோடு உள்ளே போய்ச் சொல்லுங்கள். நேரடியாகச் சொல்லலாம் என்று அவர் எழுதியிருந்தாலும், நிர்வாக அதிகாரிக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரியாமல் சொல்லாதீர்கள். அவர்களைத் தாண்டிப் போனவர் என்ற பெயர் வந்துவிட்டால் அந்த ஆபீசில் உங்களுக்கு ஒரு குண்டூசிகூடக் கிடைக்காது.

வாசலில் வந்து நிற்கிறவர்கள்

நான்காம் பத்தி, யாரும் காத்திருக்கக் கூடாது என்பது. ராணுவச் சின்னம் போட்ட பலகை எங்கே தெரிந்தாலும் நம் பக்கத்து முன்னாள் படைவீரர்களும் அவர்கள் மனைவிமாரும் அங்கே வந்துவிடுவார்கள். பென்ஷன் நின்றுபோயிருக்கும், ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் உயிர்வாழ் சான்று ஏறாமல் இருக்கும், கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு எங்கே போவதென்று தெரியாது. என்.சி.சி. அலுவலகத்துக்கு இந்த வேலையில் எந்த அதிகாரமும் இல்லை. அதற்காக ‘இங்கே இல்லம்மா’ என்று அனுப்பிவிடாதீர்கள். ஒடுகத்தூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்.

உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். படைப்பிரிவு எண், ஓய்வூதிய ஆணை எண் இருக்கிற காகிதம் எது என்று பார்த்து அதைத் தனியே எடுத்துக் கொடுங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போக வேண்டிய பஸ், கேட்க வேண்டிய விஷயம் இரண்டையும் ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அவருடைய ஓ.டி.பி.யையோ வங்கி விவரத்தையோ வாங்கி நீங்களே உங்கள் போனில் எதையாவது சரிசெய்ய முயலாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும், நாளை அந்தக் கணக்கில் ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வாய்ப்பூட்டு

அலுவலக இரகசியச் சட்டம் 1923ஆம் ஆண்டு வந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. என்.சி.சி. ஆபீசில் என்ன ரகசியம் என்று கேட்பார்கள். எந்த அதிகாரி எந்த நாளில் எங்கே போகிறார், எந்த ரயிலில் எத்தனை மாணவர்கள் போகிறார்கள் என்பதே போதுமான ரகசியம். தலைமையகத்திலிருந்து மேஜர் பேசுகிறேன் என்று யாராவது செல்போனில் அழைத்து அதிகாரிகள் பெயர்ப்பட்டியல் கேட்டால், ‘சரி சார், ஆபீஸ் எண்ணில் திரும்ப அழைக்கிறேன்’ என்று சொல்லி வையுங்கள். உண்மையான மேஜர் கோபித்துக்கொள்ள மாட்டார். சொந்த பென்டிரைவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகாதீர்கள். வேலை முடியவில்லை என்று ஃபைலைப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடிதமே வராவிட்டால்

பல இடங்களில் வராது. அவமதிப்பு என்று நினைக்காதீர்கள், யாருக்கும் நேரம் இல்லை என்று பொருள். சேர்ந்த வாரத்தில் கண்காணிப்பாளரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: டாக் எத்தனை மணிக்கு, கையெழுத்து நேரம் எப்போது, யார் போன் வந்தால் உடனே இணைக்க வேண்டும், அவருக்கு எரிச்சல் தருவது எது. கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வரவேற்புக் கடிதத்தை நீங்கள் எழுதும்போது

ராணுவ அதிகாரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிவிடுவார். நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். ஆகவே சீக்கிரமே ஒரு நாள், ‘புதிய நிர்வாக அதிகாரி வருகிறார், ஒரு வெல்கம் டி.ஓ. போட்டு வை’ என்று சொல்வார்கள். பழைய டிராஃப்டை எடுத்துப் பெயர் மாற்றி வைத்துவிடலாம். அதைவிட, உங்களுக்கு அந்தக் கடிதம் வந்தபோது என்னவெல்லாம் தெரியாமல் தவித்தீர்களோ அதை எழுதுங்கள்.

வடக்கே இருந்து வருகிறவர் ரயில் அட்டவணையில் வேலூர் கன்டோன்மென்ட் என்ற பெயரைப் பார்த்து, கன்டோன்மென்ட் என்றிருப்பதால் நமக்கானது என்று அதற்கே டிக்கெட் தேடுவார். அது விழுப்புரம் போகும் கிளைப்பாதையில் இருக்கும் நிலையம். சென்னை, பெங்களூரு பக்கமிருந்து வரும் ரயில்களுக்குக் காட்பாடி ஜங்ஷன்தான் இறங்குமிடம் என்று தெளிவாக எழுதுங்கள். எந்த ரயில், எத்தனை மணி என்று கேட்டு வாங்கி வண்டியை அனுப்புங்கள், ஓட்டுநரின் எண்ணைக் கடிதத்தோடு கொடுங்கள். குடும்பத்தோடு வருகிறாரா என்று கேளுங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளால் அந்தச் சுற்றுவட்ட லாட்ஜுகள் நிறைந்தே இருக்கும். முதல் சில நாள் தங்க எங்கே இடம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதம் என்றால் வேலூர் வெயிலைப் பற்றி ஒரு வரி. பருத்தித் துணி கொண்டுவரட்டும்.

பிள்ளைகள் எந்த வகுப்பு என்று தெரிந்தால், பள்ளிச் சேர்க்கை எப்போது முடிகிறது என்று விசாரித்து எழுதுங்கள். மனைவியோ கணவரோ வேலை பார்ப்பவரா என்பதைக் கேட்காதீர்கள், அது அவர்கள் விஷயம். பதவி, விருது, பெயரின் எழுத்துக்கூட்டல் மூன்றையும் மாற்றல் ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்.

விளிக்கும் விடைவரிக்கும் இடம் விட்டு அடியுங்கள், அவை கமாண்டர் பேனாவால் எழுத வேண்டியவை. இடம் விடாமல் நீங்களே அடித்து வைத்துவிட்டால் அவர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடும் அபாயம் உண்டு. அடியிலும் இரண்டு வரிக்கு இடம் இருக்கட்டும். கையெழுத்தாகி வந்ததும் மையில் எழுதியது உட்பட முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து ஃபைலில் போடுங்கள். டைப் அடித்த ஆபீஸ் காப்பி மட்டும் இருந்தால், வருகிறவருக்கு அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பது ஃபைலில் இருக்காது. பிறகு டிஸ்பாட்ச் எண் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பிவிடுங்கள்.